கண்டிச் சீமைத் தாலாட்டு

தால் என்பது நா. நாவை அசைத்துப் பாடப்படுதலின் தாலாட்டு எனப் பெயர் பெற்றது என்பர். எழுத்தறியாத தாய் இயற்றிய இவ்விலக்கியத்தை, எழுத்தறிந்தோர் இலக்கியமென ஒப்புக்கொள்ள நெடுங்காலம் தயங்கினர். ஆயினும் அதன் இனிமையிலிருந்து அவர்களாலும் தப்ப முடியவில்லை. பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டினார்; குலசேகராழ்வார் இராமனைத் தாலாட்டினார்; பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாகத் தாலப் பருவத்தை வைத்தனர். ஏட்டில் ஏறிய தாலாட்டுக்கெல்லாம் மூலம், வீட்டிலே தூளியருகிற் பிறந்த தாலாட்டேயாம். அத்தாலாட்டு கடல் கடந்து வந்து, ஊவா மலைச்சாரலிலே, தேயிலைக்கு நடுவே, அந்நிய நாட்டிற் பிள்ளை வளர்க்க நேர்ந்த தாயரின் வாயில் என்ன ஆயிற்று என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) முதன்மையானவர். அவருக்குப் பின் சாரல் நாடன் இவ்வாய்மொழி இலக்கியத்தை வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்தார். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் இவர்கள் வழியிலே பின்னர் எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றில் ஒரு குறை காணப்படுகிறது. தோட்டப் பாடல் என்றாலே கண்ணீர் என்றும், அது கங்காணிக்கும் துரைக்கும் எதிராக எழுதப்பட்ட முறைப்பாட்டு மனு என்றும் கொள்ளும் வழக்கம் நிலைத்துவிட்டது. அட்டை கடித்ததும், அரைப்பேர் போட்டதும், கடன் மிகுந்ததும் பாடல்களில் உண்டென்பதை யார் மறுப்பார்? ஆனால் அதே லயத்தில், அதே அறையில், ஒரு குழந்தை பல் முளைத்தது, நடை பழகியது, அடம் பிடித்தது, அதனைப் பெற்றவர்கள் அது கண்டு சிரித்தார்கள். இச்சிரிப்பை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் எண்ணும் திறனாய்வு, அம்மக்களுக்கு இரங்குவதாக நினைத்துக்கொண்டே அவர்களிடமிருந்து குடும்ப வாழ்வைப் பறித்துவிடுகிறது.

இனித் தமிழ்த் தாலாட்டின் அமைப்பை நோக்குவோம். தாய்நாட்டிலே அது தனியொருத்தியின் பாட்டன்று, சுற்றத்தின் பாட்டு. அழும் குழந்தையை நோக்கி, உன்னை அடித்தவர் யார் எனத் தாய் வினவுகிறாள். மாமனும், அத்தையும், பாட்டியும் வரிசையாக விசாரணைக்கு நிறுத்தப்படுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் அடித்த கோலுக்குப் பதிலாகப் பூவோ பாலோ இருக்கிறது. இஃது இனிய பொய்வழக்கு. குழந்தைக்கு உறவுமுறை கற்பிக்கும் முதற்பாடமும் இதுவே. இவர்களுள் தாய்மாமனே தலைமை பெறுகிறான். தன் பிறந்தவீட்டுப் பெருமையைப் புகுந்தவீட்டார் காதிற் போடுவதற்குத் தாய்க்குக் கிடைத்த வாய்ப்பும் அதுவேயாகும்.

ஆகவே தாலாட்டுக்கு இரண்டு வேண்டும்: தூளியை ஆட்டுவதற்கு ஓய்ந்த கை, பாட்டிலே பெயர் சொல்லி அழைப்பதற்கு அருகிலுள்ள சுற்றம். இவ்விரண்டையும் தோட்டம் பறித்தது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களுட் பெரும்பாலோர் ஆடவர். அவர்கள் மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்து, பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். எனவே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து குடும்பங்களாக வந்து தங்கினர். நம் அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னையில் லிப்டன் 1890இல் தொழிற்சாலை எழுப்பிய காலம் அது. கண்டிச் சீமை என்று அவர்கள் அழைத்த இந்நாட்டிலே தாலாட்டு வேரூன்றியதற்குக் காரணம் தேயிலையே. அத்தாலாட்டைப் பாட விடாமல் தாயை மலைக்கு அழைத்ததும் அத்தேயிலையே. இம்முரண்பாட்டை உணராதார் மலைநாட்டுத் தாலாட்டை உணரமாட்டார்.

விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக் களத்திற்குப் போகுமுன் தாய் தன் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டுச் செல்வாள். அங்கே வேலைக்குப் போக இயலாத முதியவள் ஒருத்தி ஆயாவாக இருந்து, பல தூளிகளை ஒருங்கே ஆட்டுவாள். காம்பரா என்பதும் ஆயா என்பதும் போர்த்துக்கேயச் சொற்கள். தமிழ்க் குழந்தை பகலெல்லாம் வளர்ந்த இடத்திற்கும், வளர்த்தவளுக்கும், தமிழிற் பெயர் இருக்கவில்லை. அதே வேளையில் பங்களாவிலே துரையின் குழந்தையைத் தமிழ்ப்பெண் ஒருத்தி தமிழிலே உறங்கவைத்தாள். துரைசானியும் அந்நிய நாட்டிற் பிள்ளை வளர்த்தவளே. பள்ளிப் பருவம் வந்ததும் பிள்ளையைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு ஏங்கியவளே. ஆனால் அவள் பிரிவு ஆண்டுக்கணக்கிலானது. அதற்கு ஒரு பயனும் இருந்தது. லயத்துத் தாயின் பிரிவோ நாள்தோறும் நேர்வது. பயனாகக் கிடைத்தது அன்றைய கூலி மட்டுமே.

ஈண்டு குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியை நினைவுகூர்தல் பொருந்தும். அதன் ஏழாந் திருமொழியில், கண்ணனைப் பெற்றும் வளர்க்கப் பெறாத தேவகி புலம்புகிறாள். தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்பதே அவள் துயரின் உட்பொருள். அடுத்து வரும் எட்டாந் திருமொழியோ இராமனுக்குப் பாடிய தாலாட்டு. பாடக் கிடைக்காத தாயையும் பாடி மகிழும் தாயையும் அடுத்தடுத்து வைத்த முறையிலே பெரியதொரு கருத்து அடங்கியிருப்பதாக யான் கொள்கிறேன். மலைநாட்டிலோ இவ்விரு தாயரும் இருவரல்லர், ஒருத்தியே. பகலில் அவள் தேவகி. பொழுது சாய்ந்து கொழுந்து நிறுத்து முடிந்தபின் அவளே கோசலை. பகலிற் பாடாத பாட்டையும் சேர்த்து இரவிற் பாட வேண்டியிருந்தமையால், அவள் தாலாட்டிலே ஒருவகை அவசரமும், மன்னிப்புக் கேட்கும் குரலும் கலந்தன. ஊர்த் தாலாட்டு, உன்னை அடித்தவர் யார் எனக் கேட்டது. தோட்டத் தாலாட்டோ, உன்னை விட்டுப் போனவள் நானே எனச் சொல்லாமற் சொன்னது.

யான் அப்புத்தளைப் பகுதியில் லயம் ஒன்றிலே பிறந்தவன். என் தங்கைக்கு என் தாய் பாடியதைக் கேட்டிருக்கிறேன். அப்பாட்டில் மாமன் வந்தான், ஆனால் வரவில்லை. கப்பலேறி வருவான், புகைவண்டி ஏறி வருவான், தங்கத்தில் அரைஞாண் கொண்டு வருவான் என வருங்காலத்திலேயே அவன் நின்றான். ஊர்த் தாலாட்டின் மாமன் நிகழ்காலத்தவன்; தோட்டத் தாலாட்டின் மாமன் வருங்காலத்தவன். வினைமுற்றின் காலம் மாறிய இவ்வொரு மாற்றத்திலே ஒரு சமுதாயத்தின் வரலாறு அடங்கிவிட்டது. இதனைக் காட்டுவதே திறனாய்வின் கடமை.

ஆயினும் பாட்டு ஏக்கத்தோடு நின்றுவிடவில்லை. வராத மாமனுக்காகக் காத்திராமல், இருப்பவர்களை அது மாமனாக்கிற்று. அடுத்த காம்பராக்காரர் மாமன் ஆனார்; எதிர் லயத்துக் கிழவி அப்பாயி ஆனாள். ஒரே கப்பலில் வந்தவர்கள் உறவாயினர். இரத்தத் தொடர்பில்லாதாரையும் முறைசொல்லி அழைக்கும் நம் மக்களின் பழக்கத்தை அறியாமை என எண்ணி நகைப்பார் உளர். அது நகைத்தற்குரியதன்று. குழந்தைக்குச் சுற்றமில்லாத நாட்டிலே சுற்றம் படைத்துக் கொடுத்த செயல் அது. இப்படைப்புத் தொழிலே இப்பாடல்களின் உயர்வு என்பது என் துணிபு.

குறைகளையும் மறைத்தல் முறையன்று. ஆண்மகவுக்கே இப்பாடல்கள் பெரிதும் அணி செய்தன. பெண்மகவு தூளியிலேயே கூடைக்குரியவள் ஆக்கப்பட்டாள். படைத்துக்கொண்ட உறவும் சாதி எல்லையைப் பெரும்பாலும் தாண்டவில்லை. தாயின் அன்பு பெரிது. அதன் கண்ணுக்கும் சில திசைகள் தெரியவில்லை.

எழுத்திலக்கியத்தோடு ஒப்பிட்டால் இப்பாடல்களின் தனித்தன்மை மேலும் விளங்கும். புதுமைப்பித்தனின் துன்பக்கேணி தோட்டத்தை மனிதர் அழியும் இடமாகக் கண்டது. அதன் சீற்றம் போற்றத்தக்கது. ஆனால் அது வெளியிலிருந்து வந்த சீற்றம். கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை, கடல் கடந்து வந்தவர்களின் நம்பிக்கையும் ஏமாற்றமும் தலைமுறையாகத் தொடர்ந்ததைக் கூறியது. நம் ஊவாவின் மைந்தரான தெளிவத்தை ஜோசப், மீன்கள் என்னும் சிறுகதையில் ஒற்றைக் காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு வாழும் பெற்றோரின் கூச்சத்தைத் தொட்டார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றின் அளவு ஒரு குடும்பத்தின் மானத்தை எவ்வாறு அளக்கிறது என்பதை இவ்வளவு நெருங்கி நின்று கூறியவர் சிலரே. தாலாட்டுக்கு மிக அண்மையில் நிற்கும் உரைநடை இதுவே. ஏனெனில் இரண்டும் அறைக்குள்ளிருந்தே பேசுகின்றன.

தாலாட்டு ஒன்று சொல்ல, சட்டம் வேறொன்று சொன்னது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், குழந்தை இந்நாட்டிற் பிறந்ததென்பதை மட்டும் போதிய சான்றாகக் கொள்ளாமல், தந்தையின் பிறப்பிடத்தை வினவியது. தூளியிற் கிடந்த குழந்தை நாடற்றதாயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைவர்களும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்தனர். ஊர் திரும்பியோருள் பலர் நீலகிரித் தேயிலையிலேயே மீண்டும் வேலைக்கமர்ந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் சிலோன்காரர் என்பது. இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்! ஊர் என்னும் சொல் தாலாட்டிலே திசைமாறிற்று. நாடற்ற நிலை சட்டத்தால் முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவரை இக்குழந்தைகளுக்கு, இன்னார் மகன், இன்னார் மருமகன் என உரிமைப்பத்திரம் வழங்கி வந்தது தாலாட்டு ஒன்றே.

தமிழர் குடியேறிய பிற நாடுகளையும் நோக்குக. மொரீசியசிலே தமிழ்ப் பெயர்கள் நிலைத்தன, காவடி நிலைத்தது, வீட்டுமொழியாகத் தமிழ் பெரும்பாலும் நிலைக்கவில்லை. நம் மலைகளிலோ தமிழ் அடுப்பங்கரையிலேயே நிலைத்தது. தமிழகத்தின் அண்மையும், லயங்களின் நெருக்கமும் இதற்குக் காரணங்களாம். ஆனால் பகலெல்லாம் உழைத்த தாய் இரவிலே தமிழிற் பாடினாள் என்பதையும் அக்காரணங்களோடு சேர்த்து எண்ணவேண்டும்.

அண்மையில் என் வகுப்பு மாணவரை, வீட்டிலே கேட்ட தாலாட்டு ஒன்றை எழுதிவரப் பணித்தேன். பலர் திரைப்படப் பாடல்களை எழுதிவந்தனர். ஒரு மாணவி மட்டும் வெறுந்தாளைத் தந்தாள். காரணம் வினவியபோது, அம்மா மத்திய கிழக்கிலே வீட்டுவேலை செய்கிறாள் என்றும், தம்பிக்கு இரவிலே தொலைபேசி வழியாகப் பாடுகிறாள் என்றும், அதனை எழுதக் கூச்சமாயிருந்தது என்றும் கூறினாள். அம்மா வேறொரு வீட்டுக் குழந்தையையும் உறங்கவைக்கிறாள் என்பதை அவள் சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று. அன்று குழந்தையோடு கடல் கடந்து வந்தாள் ஒருத்தி. இன்று குழந்தையை விட்டுக் கடல் கடந்து போகிறாள் அவள் பேர்த்தி. பங்களாத் தூளியை ஆட்டிய கை இன்று பாலைவன நகரத்துத் தொட்டிலை ஆட்டுகிறது. வருங்காலத்தில் நின்ற மாமனின் இடத்திலே இப்போது தாயே நிற்கிறாள்.

அப்பாட்டு எழுதத்தக்கதே என்று அம்மாணவிக்குச் சொன்னேன். மறுநாள் அவள் எழுதி வந்தாள். அதனை இங்கே எடுத்தாள யான் விரும்பவில்லை. அஃது அவ்வீட்டின் உடைமை. அதில் உறவினர் வரிசை இருந்தது. தூளியை ஆட்டும் பாட்டியின் பெயர் இருந்தது. முடிவிலே வரவேண்டிய நாளின் கணக்கும் இருந்தது. தமிழ்த் தாலாட்டின் இலக்கணம் முழுவதும் அதில் இருந்தது.

இதனை வாசிக்கும் ஆசிரியர்க்கும், மாணவர்க்கும், பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் பாட்டிமார் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் பட்ட துன்பத்தைக் கேட்பதோடு நில்லாமல், அவர்கள் பிள்ளை வளர்த்த திறத்தையும் கேட்டு எழுதுவோமாக. துன்பத்தின் வரலாற்றை அரசாங்கத்துக் கடிதக் கட்டுகளும் ஓரளவு காத்து வைத்திருக்கும். தாலாட்டைக் காத்து வைத்திருப்பது தாயின் நாவொன்றே.