காற்றின் தேசப்படமும் லயத்து மனிதரும்

நூல்களை மதிப்பிடும் பக்கங்களில் தேசப்படமொன்றை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் தேசப்படமும் ஒரு நூலே. எதைக் காட்டுவது, எதை விடுவது என்னும் தெரிவு அதனுள்ளும் உண்டு. அத்தெரிவுக்குப் பின்னால் ஒரு சமுதாயப் பார்வையும் உண்டு.

இலங்கை, மாலைதீவு ஆகியவற்றின் காற்று வளத் தேசப்படத் தொகுதி 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆக்கியோர் அமெரிக்கத் தேசிய புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடத்தார். நாட்டை ஒரு சதுர கிலோமீற்றர்க் கட்டங்களாகப் பகுத்து, நிலத்தின் உயர்வு தாழ்வுகளையும் காற்றளவீடுகளையும் கணினியில் இணைத்து இதனை வரைந்தனர். நல்ல காற்றுள்ள நிலம் ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீற்றர்; நாட்டின் நிலப்பரப்பில் 6 வீதம். சதுர கிலோமீற்றருக்கு 5 மெகாவாட் எனக் கொண்டால், ஏறக்குறைய 20,000 மெகாவாட் பெறலாம் என்பது அவர்கள் கணக்கு. கற்பிட்டி தொடக்கம் மன்னார் வரையுள்ள கரையோடு மத்திய மலைநாடும் ஊவாவின் சில பகுதிகளும் அதில் இடம்பெறுகின்றன. நிலக்கரியையும் எண்ணெயையும் விலைகொடுத்து இறக்கும் நாட்டுக்கு இது அரிய பணி, மறுப்பார் யார்?

ஆனால் காற்று எங்கே வீசுகிறது என்பது வேறு. காற்றாலையை எங்கே நடுவது என்பது வேறு. பின்னதற்குச் சரிவு, பாதை, மின்கம்பி, காடு, குடியிருப்பு எனப் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை வழங்குகிறார்கள். கூட்டிப் பார்ப்பது கணிதம். நிறை வழங்குவதோ மனிதத் தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்குவோர் யார்? மன்னாரில் 2020இல் 103.5 மெகாவாட் காற்றாலைகள் எழுந்தன. மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் அங்குள்ள மக்கள் வீதியில் இறங்கினர். படத்தில் நிறை பெறாத குரல் வீதியில் ஒலிப்பது இயல்பே.

மலைநாட்டிலும் அம்பேவெலவில் 2012இல் 3 மெகாவாட் ஆலை எழுந்துவிட்டது. ஊவாவுக்கோ காற்று புதிதன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டி, வறண்ட கச்சானாக இறங்கும் யூலை முதல் செப்தெம்பர் வரையான காலமே ஊவாத் தேயிலைக்கு மணம் தருவது. அக்காலத்தில் கொழுந்து குறையும். கூடையின் எடை குறையும். ஏலத்தில் மட்டும் விலை ஏறும். காற்றின் பயன் பறித்த கையைக் கடந்துபோவதை எம்மவர் நெடுங்காலம் அறிவர்.

என் வகுப்பு மாணவரிடம் தாம் வாழும் தோட்டத்தைப் படமாக வரையச் சொன்னேன். லயம், பீலி, கோயில், மழைக்காலத்தில் ஊற்றெடுக்கும் சரிவு என யாவும் வந்தன. ஒரு சதுர கிலோமீற்றர்க் கட்டத்தினுள் இவையனைத்தும் அடங்கி மறைந்துவிடும். தனி முகவரியின்றித் தோட்ட அலுவலகத்தின் வழியே கடிதம் பெறும் குடும்பங்கள் இன்னமும் பல. முகவரியில்லாத வீட்டுக்குத் தேசப்படம் எவ்வளவு நிறை வழங்கும்?

மீரியபெத்தையை நாம் மறக்கலாகாது. அங்கே ஆபத்துண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. விஞ்ஞானம் தவறவில்லை, அது கண்ட உண்மைதான் லயத்து மக்களுக்குப் பாதுகாப்பான ஒரு துண்டு நிலமாக மாறவில்லை.

காற்று மிகுந்த முகடுகளின் கீழேயே சரியும் சாய்வுகளும் லயங்களும் உள்ளன. நீண்ட காற்றாடி இதழ்களை மேலேற்ற அகன்ற பாதை வெட்டவேண்டும். மலையின் பாதத்தை வெட்டினால் மண் தளரும். ஆதலின் காற்றுப் படத்தின்மேல் மண்சரிவுப் படத்தையும், அதன்மேல் ஒவ்வொரு லயத்தையும் வைத்துப் பார்த்தே இடம் தெரிதல் வேண்டும். அப்படம் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டத்து மக்கள் முன் விரிக்கப்படவும் வேண்டும்.

காற்றாலை வரட்டும், வரவேற்போம். மலையை அறிந்த மக்களிடம் கேட்டபின் வரட்டும்.