திரையற்ற க்ஷணம்

சென்ற மார்கழியில் ஒரு சபையில் பரத நாட்டியம் பார்த்துக் கொண்டிருந்தேன். வர்ணம் முடிந்து பதம் தொடங்கி, மிருதங்கம் அடங்கி ஒலிக்க, வாசற்படியில் நின்று வராத நாயகனை எதிர்பார்க்கும் நாயகியின் கண்ணிமை ஒரு முறை தாழ்ந்து மீண்டது. அவ்வளவு சிறிய அபிநயத்தில் சபை முழுவதும் மூச்சடங்கி நின்றது. அந்த நிசப்தத்தில்தான் ஒரு விஷயம் என் மனத்தில் உறைத்தது. பக்கவாட்டில், தூணோரமாக, மூன்று புகைப்படக்காரர்கள் யந்திரங்களைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து நின்றார்கள். அவர்களுடைய ஆள்காட்டி விரல்கள் அழுந்துவது கூட எனக்குத் தெரிந்தது. ஆனால் ஓசை என்பது துளியும் இல்லை. பத்து வருஷங்களுக்கு முன் இதே இடத்தில், இதே அபிநயத்தின் மேல், 'சடக் சடக்'கென்று ஷட்டர்கள் விழுந்திருக்கும். முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். படம் பிடித்தவரும் கூனிக் குறுகிப் பின்வாங்கியிருப்பார். கலைஞருக்கும் ரஸிகருக்கும் நடுவே விழுந்து கொண்டிருந்த அந்தச் சின்னத் திரை எங்கே போயிற்று என்ற யோசனையுடனேயே அன்று வீடு திரும்பினேன்.

புதிய கேமராக்கள் வெளிவரும்போதெல்லாம் மெகாபிக்சல் எத்தனை, இருட்டில் எவ்வளவு தெளிவு, பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்குமா என்றுதான் பேச்சு நடக்கிறது. அவையும் வேண்டியவையே. எனினும், 2021 முதல் சந்தைக்கு வந்திருக்கும் யந்திரங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் எனக்கு, அவற்றில் உள்ளபடியே பெரிய சங்கதியாகத் தோன்றுவது ஷட்டர் என்னும் உறுப்பின் கதிதான். ஒளியை உள்ளே விட்டு, உரிய காலம் கழிந்ததும் மறுபடி மூடுகிற அந்தக் கதவு இல்லாவிட்டால் புகைப்படத்துக்கு 'க்ஷணம்' என்ற ஒன்றே கிடையாது.

ஆதியில் அந்தக் கதவு மனிதனுடைய கையாகவே இருந்தது. லென்ஸின் மூடியைக் கழற்றி, நிமிஷங்களை எண்ணி, மறுபடி மூடினார்கள். 1838-இல் பாரீஸ் நகரத்து வீதி ஒன்றை புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் தம் ஜன்னலிலிருந்து பிடித்த படத்தில், வண்டிகளும் ஜனங்களும் நிறைந்திருந்த வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அசைந்தவையெல்லாம் ஒளியில் கரைந்து போக, செருப்புக்கு மெருகு போட்டுக் கொள்வதற்காக ஒரே இடத்தில் காலை வைத்து நின்ற ஒரு மனிதர் மட்டும் தப்பிப் பதிவாகியிருக்கிறார். அங்கிருந்து நாற்பது வருஷங்களில், 1878-இல், கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகப் பன்னிரண்டு கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே தரையை விட்டு எழும்புகின்றன என்பதைப் பிரத்யக்ஷமாகக் காட்டிவிட்டார். கையின் வேகம் போதாமல், விசையினால் விழும் பலகைகளைக் கதவாக்கிக் கொண்டதுதான் அந்த வெற்றியின் ரகசியம்.

என்னிடம் இருக்கும் கேமரா நிக்கானின் எஃப்எம்2. 1982-இல் முதன்முதலாக வெளிவந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பாட்டரி ஒளியை அளக்கத்தான். ஷட்டர் முழுவதும் வில்லும் பற்சக்கரமும் கொண்டு இயங்குவது. அதில் பிலிம் போடாமல், லென்ஸையும் கழற்றிவிட்டு, பின்கதவைத் திறந்து, ஜன்னலுக்கு நேரே பிடித்துக் கொண்டு அழுத்திப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்காத பொழுதுபோக்கு. அறுபதில் ஒரு பங்கு வினாடி வைத்தால் ஜன்னல் முழுதும் பளிச்சென்று தெரிந்து மறையும். நாலாயிரத்தில் ஒரு பங்குக்குப் போனால், மங்கலான ஒரு மின்னல் மட்டும் சட்டத்தின் ஊடே ஓடிவிடும். திறக்கிற திரை ஒன்று, மூடுகிற திரை ஒன்று என்று உள்ளே இரண்டு உண்டு. வேகம் கூடும்போது முதல் திரை பாதை முழுவதும் ஓடி முடிவதற்குள் இரண்டாவது திரை அதைத் துரத்திக் கொண்டு கிளம்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எஞ்சுகிற மெல்லிய இடுக்கு ஒன்றுதான் பிலிமின் மேல் தவழ்ந்து செல்கிறது. அந்த ஓட்டத்துக்கு ஈடு கொடுக்க வேண்டி, தேன்கூட்டு வடிவம் பொறித்த டைட்டேனியத் தகடுகளைக் கொண்டு அந்நாளில் அவர்கள் செய்த வேலைப்பாடு, பொற்கொல்லர் வேலைக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆகவே, நாலாயிரத்தில் ஒரு பங்கு வினாடி என்று நாம் சொல்லிக் கொண்டாலும், படத்தின் ஒரு கோடியும் மறு கோடியும் ஒரே சமயத்தில் பிறந்தவை ஆகமாட்டா. 1910-களின் தொடக்கத்தில், பதினெட்டுப் பத்தொன்பது வயது வாலிபராக இருந்த பிரெஞ்சுக்காரர் லார்டீக், பாய்ந்து செல்லும் பந்தயக் கார் ஒன்றைப் பிடித்தார். அவருடைய கேமராவின் இடுக்கு மேலும் கீழுமாக ஓடுவது. அவரோ கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பினார். ஆனால் கார் அவரை முந்திவிட்டது. விளைவு, வட்டமான சக்கரம் முட்டை வடிவாகி முன்னோக்கிச் சாய, ஓரத்தில் நின்ற ஜனங்கள் பின்னோக்கிச் சாய்ந்து விட்டார்கள். வேகத்தையே வரைந்து காட்டுவது போன்ற அந்தப் படம் இன்று உலகப் பிரசித்தம். யந்திரத்தின் குறை ஒன்று கலைக்கு அழகாக வாய்த்த அபூர்வ சந்தர்ப்பம் அது. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. பேருந்து ஜன்னலிலிருந்து கைபேசியில் எடுத்த படத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து நிற்பதைக் கண்டு வருந்தாதவர் யார்?

கைபேசியில் திரை கிடையாதே, அங்கே இந்தச் சாய்வு எப்படி வந்தது? சென்சார் என்னும் ஒளித் தகடு தன் மேல் விழுந்த பிம்பத்தை வரி வரியாக, மேலிருந்து கீழே, நாம் ஏட்டைப் படிப்பது போலப் படிக்கிறது. முதல் வரியைப் படித்ததற்கும் கடைசி வரியைப் படிப்பதற்கும் நடுவே உலகம் நகர்ந்துவிடுகிறது. தகட்டுத் திரை போனாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சூக்ஷ்மத் திரை அதன் இடத்தில் ஓடிக் கொண்டுதான் இருந்தது. அதுவும் தகட்டைவிட வெகு மந்தமாக. 2021 அக்டோபரில் நிக்கான் வெளியிட்ட இஸட்9 இந்த இடத்தில்தான் ஒரு யுகத்தைத் திருப்பியது. சென்சாருக்குப் பின்னாலேயே நினைவுத் தகட்டை அடுக்கி, நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சுமார் 270-இல் ஒரு பங்கு வினாடிக்குள் படித்து முடிக்கும்படி செய்தார்கள். படிக்கும் வேகம் தகடுகள் ஓடும் வேகத்தை எட்டிவிட்ட அன்றே, தகடுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எஃப்எம்2-ஐப் படைத்த அதே நிறுவனம் தன் தலைசிறந்த கேமராவிலிருந்து இயங்கும் ஷட்டரை அடியோடு எடுத்துவிட்டது. 2023-இல் வந்த இஸட்8-லும் அது இல்லை. சபையில் நான் கண்ட நிசப்தத்துக்கு மூலம் இந்த மாற்றம்தான்.

ஆயினும் வரி வரியாகப் படிப்பது படிப்பதுதான். அதையும் ஒழித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக உழைத்தவர்கள் சோனி நிறுவனத்தார். 2023 நவம்பர் 7-ஆம் தேதி அவர்கள் அறிவித்த ஆல்ஃபா 9-இன் மூன்றாவது அவதாரம், முழு அளவுச் சென்சார் கொண்ட ஸ்டில் கேமராக்களில் முதன்முறையாக 'குளோபல் ஷட்டர்' என்னும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. இரண்டு கோடியே நாற்பத்தாறு லட்சம் புள்ளிகளும் ஒரே சமயத்தில் கண் திறக்கின்றன. ஒரே சமயத்தில் மூடுகின்றன. ஒவ்வொன்றும் தான் வாங்கிய ஒளியைத் தன்னிடத்திலேயே பத்திரப்படுத்தி வைத்துக் கொள்கிறது. பிறகு ஆற அமரப் படித்துக் கொள்ளலாம். வினாடிக்கு 120 படம். 80,000-இல் ஒரு பங்கு வினாடி வரை வேகம். இந்த எண்களைக் காட்டிலும் என்னை நெகிழ வைப்பது அந்த ஒருமைதான். டாகேர் காலத்திலிருந்து நாம் 'ஒரு க்ஷணம்' என்று பெயரிட்டு வந்த படங்களில் பெரும்பாலானவை பல க்ஷணங்களின் தையல். இந்தக் கேமராவில்தான் அந்தச் சொல் தன் முழு அர்த்தத்தையும் பெறுகிறது.

பிளாஷ் விளக்கின் விஷயத்தில் இதன் பயன் ஸ்தூலமாகவே தெரியும். திரைகள் ஓடும் கேமராவில், முழுச் சட்டமும் திறந்திருக்கிற க்ஷணத்தில்தான் சாதாரண பிளாஷ் மின்ன வேண்டும். அதனால் சுமார் 250-இல் ஒரு பங்கு வினாடிக்கு மேல் வேகம் போனால் படத்தில் ஒரு பகுதி கறுத்துவிடும். உச்சிவெயிலில் மணமகளைத் தோட்டத்தில் நிறுத்திப் படமெடுக்கிறவருக்கு இது தீராத சங்கடமாக இருந்தது. குளோபல் ஷட்டரில் இந்த வரம்பே கிடையாது. வேகத்தைக் கூட்டி வானத்தைக் கருநீலமாக்கினாலும் பிளாஷ் வெளிச்சம் படத்தில் எந்தப் பகுதியும் கறுக்காமல் விழும்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லிவிட வேண்டும். காத்து வைக்கும் ஏற்பாட்டுக்காக இடத்தையும் ஒளியையும் ஓரளவு இழக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் அதன் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வுக் கணக்கு பல கேமராக்களைப் போல 100-இல் தொடங்காமல் 250-இல்தான் தொடங்குகிறது. ஆழ்ந்த நிழலும் கடும் வெளிச்சமும் ஒரே படத்தில் வேண்டியிருக்கும் இயற்கைக் காட்சிக்காரருக்கு இஸட்8 போன்றதே உசிதம். ஆறாயிரம் டாலரில் அறிமுகமான யந்திரம் என்பதும் நம்மைப் போன்றவர்களின் ஆசைக்கு ஒரு கடிவாளம்.

வீடியோக்காரர்களின் உலகத்தில், வரி வரியாகப் படிப்பதால் வரும் தொல்லை இன்னும் பழையது, இன்னும் கண்கூடு. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் சமயம் நாலு பக்கத்திலிருந்தும் பிளாஷ்கள் மின்னும். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தால், சட்டத்தின் மேல்பாதி வெளுத்தும் கீழ்பாதி இருண்டும் கோடு கிழித்தாற்போல இருக்கும். வரி வரியாகப் படிக்கும் வேலைக்கு நடுவில் பிளாஷ் வந்து போனதன் தழும்பு அது. சினிமாவின் ஷட்டர் கதை வேறு. பழைய சினிமாக் கேமராவின் ஷட்டர் சுழலும் அரைவட்டத் தகடு; வினாடிக்கு 24 சட்டம் ஓடினால், ஒவ்வொரு சட்டத்துக்கும் 48-இல் ஒரு பங்கு வினாடி ஒளி விழும். திரையில் ஓடுகிறவனுடைய கையைச் சுற்றி நமக்குப் பழகிப் போன அந்த மெல்லிய கலங்கல் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்; டிஜிட்டல் காலத்திலும் ஒளிப்பதிவாளர்கள் அதை விடாமல் காப்பாற்றி வருகிறார்கள். ரெட் நிறுவனம் 2020-இல் கொமோடோ என்ற கைக்கடக்கமான சினிமாக் கேமராவில் குளோபல் ஷட்டரைக் கொண்டு வந்தது. 2024-இல் அந்த நிறுவனத்தையே நிக்கான் வாங்கிக் கொண்டதும், 2025 செப்டம்பரில் இருவர் பெயரும் சேர்ந்த முதல் கேமராவாக இஸட்ஆர் வெளிவந்ததும் புதிய சந்தையின் முக்கியச் செய்திகள். ரெட்டின் கச்சாக் கோப்பு வகையையும், உரத்த குரலும் கிசுகிசுப்பும் எதுவும் சிதையாமல் பதிக்கும் 32-பிட் மிதவை ஒலிப்பதிவையும் அதில் பொதிந்திருக்கிறார்கள். அகன்ற நாலங்குலத் திரை பார்க்க ரம்மியமாக இருக்கிறது. எனினும் கொமோடோவின் குளோபல் ஷட்டர் அதில் இடம்பெறவில்லை; எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மனம் ஒட்டிக் கொண்டிருக்கும் புதிய கேமரா எது என்று கேட்டால், 2024 பிப்ரவரியில் வெளிவந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100-இன் ஆறாம் அவதாரத்தைத்தான் சொல்வேன். லென்ஸைக் கழற்ற முடியாத, உள்ளங்கையில் அடங்கும் கேமரா. அதன் ஷட்டர் லென்ஸின் நடுவிலேயே, தாமரை இதழ் விரிந்து கூம்புவது போல விரிந்து கூம்புகிறது. இதழ்கள் லென்ஸின் நடுவில் இருப்பதால், அவை சிறிது திறந்தாலே பிம்பம் முழுவதற்கும் ஒருசேர ஒளி கிடைத்துவிடுகிறது. பிளாஷோடு அதற்கு எக்காலத்திலும் சண்டை கிடையாது. ம்யூனிக் நகரத்தில் கம்பூர் என்ற பெயரில் 1912-இலிருந்தே செய்து வந்த இதழ் ஷட்டரின் வம்சம் இது. நான்கு கோடிப் புள்ளிகளும், கை நடுக்கத்தைத் தாங்கிக் கொள்ளும் ஏற்பாடும் கொண்ட இன்றைய யந்திரத்தினுள்ளே நூற்றாண்டுப் பழமையான அந்தப் பொறி வாழ்ந்து கொண்டிருப்பதை நினைக்க நினைக்க எனக்கு உவகை உண்டாகிறது. அதன் ஓசை, மோதிர விரலால் மேஜையை மெல்லத் தொட்டாற்போல ஒரு 'டிக்'. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காது, படம் எடுத்தவருக்கு மட்டும் கேட்கும். ஓசையே இல்லாத கேமராக்களில், அழுத்தியது தெரியட்டும் என்று செயற்கையான ஷட்டர் ஓசையை ஒலிக்கச் செய்யும் வசதியும் வைத்திருக்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை. விரலுக்குப் பதில் சொல்லும் பொருள் ஒன்று உள்ளே உண்மையில் அசைய வேண்டும். அதே 2024-இல் பென்டாக்ஸ் 17 என்று புதிதாகச் செய்த பிலிம் கேமராவில், நெம்புகோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிலிமை நகர்த்தும் சுகத்தைத் திரும்பக் கொடுத்திருப்பதற்கும் இந்த ஏக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

பறவைகளைப் படமெடுக்கும் நண்பர் ஒருவர், ஒருநாள் பகற்பொழுதுக்கு, குளோபல் ஷட்டர் கொண்ட அந்தச் சோனியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டு மேஜை விசிறியை மொட்டை மாடிக்கு எடுத்துக் கொண்டு போய், உச்சிவெயிலில் முழு வேகத்தில் சுழலவிட்டேன். முதலில் கைபேசியால் எடுத்தேன். மூன்று இறக்கைகளும் அரிவாள்களைப் போல வளைந்து, ஒன்று தண்டை விட்டே பிரிந்து மிதந்தது. அப்புறம் சோனியில் 80,000-இல் ஒரு பங்கு வினாடி வைத்து, மூச்சைப் பிடித்துக் கொண்டு அழுத்தினேன். ஓசை இல்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, யாரோ மின்சாரத்தை நிறுத்திவிட்டாற்போல மூன்று இறக்கைகளும் நேர்நேராக நின்றன. ஒவ்வோர் இறக்கையின் முன்விளிம்பிலும், நாங்கள் பொங்கலுக்குத் துடைக்காமல் விட்ட தூசி, சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் போல, இழை இழையாகத் தெரிந்தது.