446 பைட்டின் பக்குவம்

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. கம்பைநல்லூர் போன்ற சிறு ஊர்களில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் பலருக்கு அதுதான் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். ஆரம்ப ஆண்டுகளில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்தவற்றில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இருந்தது. பட்டனை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும் அந்தக் கறுப்புத் திரையைத்தான் எனக்கு ரசித்துத் தீரவில்லை.

திரைக்குப் பின்னால் இருப்பது கிரப். எரிக் போலின் 1995-இல் தொடங்கிய பூட் லோடர், அதாவது இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் நிரல். அந்தக் காலத்து பயாஸ் (கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் ஓடும் நிரல்) முறையில், ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டரான 512 பைட்டில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்குப் போய்விடும். கடைசி இரண்டு பைட் அடையாள முத்திரை: 01010101, 10101010. ஒன்றின் பூஜ்யம் மற்றதன் ஒன்று, என்ன அழகு! மீதி 446 பைட்டுக்குள் ஒரு மெனுவை எப்படி அடைப்பது? கிரப் அடைக்கப் பார்ப்பதில்லை. தன் உடம்பை எங்கே வைத்திருக்கிறது என்ற விவரத்தையும் அதை ஏற்றும் சிறு நிரலையும் மட்டும் அங்கே எழுதிவிட்டு, முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பழைய டிஸ்குகளில் அந்த இடம் 62 செக்டர், அதாவது 31,744 பைட். பயாஸ் முதல் செக்டரை ஏற்றிவைக்கும் மெமரி முகவரியும் 31,744! தற்செயல்தான், ஆனாலும் பார்க்கப் பார்க்க இனிக்கிறது.

மெனுவிலும் இங்கிதம் உண்டு. வினாடிகள் குறைந்துகொண்டே வரும். அம்புக்குறியைத் தொட்டதும் எண்ணுவதை நிறுத்திவிடும். அமைப்புக் கோப்பில் டைம்அவுட் வரியில் -1 என்று எழுதினால் நாம் தேர்ந்தெடுக்கும்வரை காத்திருக்கும். திருத்தியபின் 'அப்டேட்-கிரப்' கட்டளையை மறக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது விண்டோஸைத் தேர்ந்தெடுக்கும்போது நடப்பது. லினக்ஸ் என்றால் அதன் மையமான கெர்னலைக் கிரப்பே தேடி எடுத்து ஏற்றும். விண்டோஸின் உள்விவகாரம் அதற்குத் தெரியாது; தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் இல்லை. விண்டோஸ் பார்ட்டிஷனின் முதல் செக்டரை அதே 31,744-ஆம் முகவரியில், பயாஸ் வைத்திருக்கக்கூடிய அதே இடத்தில் வைத்து, கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிடுகிறது. தனக்கு முன்னால் இன்னொருவர் வந்துபோனதை விண்டோஸ் அறிவதே இல்லை.