வாயிலும் பட்டறையும்
பௌஹவுஸ் கல்விமுறை பற்றிய ஒரு நோக்கு

கல்வியிற் சமத்துவம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அனுமதி விதிகளையே அளவுகோலாகக் கொள்கின்றனர். யார் உள்ளே வரலாம் என்பது முக்கியமான வினாவே. ஆயின், உள்ளே வந்தவர் எதனைக் கற்கலாம், எக்கருவியைக் கையாளலாம், அவரது ஆக்கம் எவ்வாறு மதிக்கப்படும் என்பன அதனினும் ஆழமான வினாக்கள். வடிவமைப்புக் கல்வியில் இவை மேலும் கூர்மை பெறுகின்றன. அங்கு அறிவு நூலில் மாத்திரமன்றிப் பட்டறையிலும் உறைகின்றது. இதனை விளக்குதற்கு, நவீன வடிவமைப்புக் கல்வியின் முன்னோடி எனப் போற்றப்படும் பௌஹவுஸின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1919ஆம் ஆண்டு ஜேர்மனியின் வைமார் நகரில் கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ் இக்கலாசாலையை நிறுவினார். வயது, பால் வேறுபாடின்றித் தகுதியுடையோர் யாவரும் சேரலாம் என அதன் அறிக்கை கூறிற்று. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஜேர்மன் குடியரசின் அரசியல் யாப்பும் ஆண், பெண் இருபாலார்க்கும் அடிப்படையிற் சம உரிமை வழங்கியது. நெடுங்காலம் அரச கலைக்கூடங்களின் வாயில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் இவ்வழைப்பை நம்பி வந்தனர். முதற் பருவத்தில் 79 ஆண்களும் 84 பெண்களும் சேர்ந்தனர்.

இவ்வெண்ணிக்கையே நிறுவனத்தாருக்கு அச்சத்தை விளைவித்தது. பெண்கள் மிகுந்தால் கலாசாலை பொழுதுபோக்குக் கைவினைக் கூடமாகக் கருதப்படும் என அவர்கள் எண்ணினர். 1920இல், பெண்களைச் சேர்ப்பதிற் கடுமையான தெரிவு வேண்டுமென ஆசிரியர் அவையில் குரோப்பியஸ் வற்புறுத்தினார். அடிப்படைப் பயிற்சியை முடித்த பெண்கள் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டனர்.  அறிக்கை கூறியது ஒன்று, நடைமுறை வேறொன்று. எழுதப்பட்ட விதியைவிட எழுதப்படாத வழக்கமே வலிமை மிக்கது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1922இற் சேர்ந்த அனி ஆல்பர்ஸ் கண்ணாடிப் பட்டறையை விரும்பினார்; கிடைத்தது நெசவு. விருப்பமின்றி ஏற்ற அத்துறையில் அவர் செய்த பட்டச் சோதனை ஆக்கம் குறிப்பிடத்தக்கது. பேர்னௌ நகரிலே தொழிற்சங்கப் பாடசாலையொன்றின் மண்டபத்துக்கென, ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சவும் மறுபக்கம் ஒளியைத் தெறிக்கவும் வல்ல துணியொன்றை அவர் ஆக்கினார். மென்மையான பெண்பாற் கலை என ஒதுக்கப்பட்ட நெசவு, பௌதிகவியற் பிரச்சினையொன்றுக்கு விடையாயிற்று. மரியானே பிரான்ட் 1924இல் உலோகப் பட்டறையிற் புகுந்தபோது, தொடக்கத்திற் சலிப்பூட்டும் வேலைகளே தமக்குத் தரப்பட்டன எனப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1928இல் அப்பட்டறையை நடத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். நெசவுப் பட்டறையே பௌஹவுஸின் சிறந்த சாதனைகளுள் ஒன்றாக மலர்ந்ததன்றோ? அவ்வாறாயின் பெண்களை அங்கு அனுப்பியதில் தீங்கு யாது? இவ்வாதம் மேலோட்டமானது. ஒதுக்கப்பட்ட இடத்தையும் உயர்த்திக் காட்டியமை அம்மாணவியரின் பெருமை. ஒதுக்கியோருக்கு அது நியாயமாகாது. மேலும், அப்பட்டறையிற் போதிய தொழில்நுட்பப் போதனை இருக்கவில்லை. குன்டா ஷ்டொல்ட்சில் சாயமிடும் முறையைக் கற்க கிறெஃபெல்ட் நகருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. பின்னர் அவரே பட்டறையின் தலைமையை ஏற்று, 1931இல் விலகும்வரை அதனை நடத்தினார். அவ்வாறு தாமே தேடிப் பெற்ற அறிவை ஆண் மாணவர்க்கு அமைந்த வசதிகளோடு ஒப்பிடின், சமத்துவம் எங்கு தவறியது என்பது விளங்கும்.

ஒட்டி பேர்கரின் வாழ்வு இச்சிந்தனையை மேலும் விரிவாக்குகின்றது. செவிப்புலன் குறைந்த இவர் 1927இற் சேர்ந்தார். துணியைக் கண்ணால் மாத்திரமன்றிக் கையாலும் அறிய வேண்டும் என்பதைத் தம் எழுத்தில் வலியுறுத்தினார். பேச்சையே முதன்மை ஊடகமாகக் கொண்ட வகுப்பறையில் குறையெனக் கருதப்படுவது, பொருளைத் தொட்டறியும் பட்டறையில் தடையாக அமைய வேண்டியதில்லை என்பதற்கு இவர் பணி சான்று. ஷ்டொல்ட்சில் விலகியபின் பட்டறையை நடத்தியவர் இவரே. ஆயினும் 1932இல் தலைமைப் பொறுப்பு லில்லி ரைக்கிடம் சென்றது. 1933இல் நாசி ஆட்சியின் நெருக்குதலால் பௌஹவுஸ் மூடப்பட்டது. யூதரான பேர்கர் 1944இல் அவுஷ்விற்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார். கலாசாலைக்குள் நிகழும் வகைப்படுத்தலும் நாட்டில் நிகழும் கொடூரமும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றாக்குவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. எனினும், மனிதரைப் பிறப்பால் வகுத்து இடம் குறிக்கும் மனப்பாங்கைச் சிறிய அளவிலேனும் இயல்பென ஏற்பது ஆபத்தானது என்பதை மறத்தலாகாது.

குரோப்பியஸைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தம் காலத்துப் பிற நிறுவனங்கள் பலவற்றினும் அகலமான வாயிலை அவர் திறந்தார் என்பது மெய். அவ்வாயிலிலிருந்து பட்டறைவரை அதே அகலத்திற் பாதை அமைக்கத் தவறினார் என்பதும் மெய். இன்று வடிவமைப்புக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் தம் மாணவர் பதிவேட்டைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, எவ்வியந்திரத்தின் முன் யார் நிற்கின்றனர், யார் விலகி நின்று பார்க்கின்றனர், யாருடைய வேலைக்கு விரிவான விமர்சனமும் யாருடைய வேலைக்கு வெறும் புகழுரையும் கிடைக்கின்றன என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். அவர் கற்பித்தலின் உண்மையான அறிக்கை அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றது.