ஜெய்பீம்: வக்கீலின் குரலும் பதிவேட்டின் மௌனமும்

2021இல் வந்த 'ஜெய்பீம்' படத்தைச் சிறுமைப்படுத்த எனக்கு எண்ணமில்லை. 1993இல் போலீஸ் அடித்துக் கொன்ற ராசாக்கண்ணுவின் கதை அது. அவர் மனைவிக்காக உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தியவர் வழக்கறிஞர் சந்துரு. காவல் நிலையத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய படங்கள் தமிழில் எத்தனை?

ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமிருந்து இந்தப் பிரதியை வாசித்தால் ஒன்று உறுத்துகிறது. படத்தில் சட்டம் என்பது ஒரு குரல். சூர்யா எழுந்து நின்றால் கோர்ட்டே வாயடைத்துப் போகிறது. நிஜத்தில் அந்த வழக்கு 2006 வரை இழுத்தது. ஊரில் அதைச் சுமந்த மார்க்சிஸ்ட் தோழர் கோவிந்தன் போன்றவர்கள் கதாநாயகனின் வெளிச்சத்தில் மங்கிப்போகிறார்கள்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம். ஆயிரம் பேருக்கு மேல். அக்டோபரில் ஒரு ராத்திரி வீடு தேடிப் போய்த் தொழிலாளிகளைப் பிடித்துக்கொண்டு போனது போலீஸ். பந்தலையும் பிரித்துப் போட்டார்கள். மறுபடியும் அதே ஆட்கொணர்வு மனு! இது சினிமாவுக்கு ஆகும். மிச்சம் ஆகாது: சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்ட மனு மாசக்கணக்கில் கிடந்தது. பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. சங்கம் வைக்கிற உரிமை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதுக்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 27இல்தான் பதிவு கிடைத்தது. இந்த வேலையில் வசனமே கிடையாது. வாய்தா, நகல், முத்திரை, மறுபடி வாய்தா.

படத்தின் தலைப்பிலிருக்கும் மனிதர் இந்த வேலையைத்தான் செய்தார். வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர், சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்கணும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்தார். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு பண்ணிட்டா முதலாளி கூப்பிட்டுப் பேசிடுவானா? 1947இல் அது திருத்தச் சட்டமாக நிறைவேறியது. நடைமுறைக்கு மட்டும் கொண்டுவரவே இல்லை.

சேரியிலிருந்து ஐடிஐ முடித்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிற நம்ம பசங்களுக்குத் தேவைப்படும் அம்பேத்கர் இவர். படத்தில் இவரைக் காணோம்.