கஷ்டம் எத்தனை சதவிகிதம்?

போன மாதம் அண்ணா நகரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே, பின்சக்கரம் இல்லாத சைக்கிள் ஒன்று நின்றது. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெட்டி. ஹாண்டில்பாரில் இரண்டு பனியன், ஒரு துண்டு. பெட்டி மேல் தூசி.

'என்ன சார், ஓட்டறதில்லையா?' என்றேன்.

'முட்டி வலி. ரெண்டு வாரமா தொடலை' என்றார்.

உள்ளேயிருந்து மகன் குரல் கொடுத்தான். 'அப்பா நூத்துல வச்சு ஓட்டினார் அங்கிள். அம்பதுக்குக் குறைங்கப்பான்னா கேக்கறதில்லை. அது ஏமாத்து வேலையாம்.'

நண்பருக்கு 54 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தினம் முக்கால் மணி ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்ல, சென்னை டிராஃபிக்குக்குப் பயந்து (நியாயமான பயம்) வீட்டுக்குள்ளேயே ஓட்டலாம் என்று இந்த ஸ்மார்ட் ட்ரெய்னரை வாங்கினார். விலையில் ஒரு நல்ல செகண்ட் ஹாண்ட் ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். இப்போது அது துணி காய வைக்கிறது. இயந்திரத்தில் பழுதில்லை. மெனுவில் இருக்கும் ஒரு வார்த்தையை அவர் நம்பியதுதான் காரணம். இந்த வாரம் சினிமா, புத்தகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வார்த்தையை விமர்சனம் செய்யலாம் என்றிருக்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்மார்ட் ட்ரெய்னர் என்பது உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை நேராக மாட்டிக்கொள்ளும் பெட்டி. உள்ளே கனமான ஒரு உருளையும் காந்தமும் இருக்கும். கம்ப்யூட்டரிலோ டி.வி.யிலோ ஓடும் ஆப் சொல்கிறபடி அது மிதியை இறுக்கும், தளர்த்தும். திரையில் மலை வந்தால் நிஜமாகவே மிதி கனக்கும். 'ஸ்விஃப்ட்' என்பது இந்த ஆப்களில் பிரபலமானது. 'மைவூஷ்' என்று இலவசமாகவும் ஒன்று உண்டு.

ஸ்விஃப்ட்டில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. 'ட்ரெய்னர் டிஃபிகல்ட்டி' என்று பெயர். தமிழில் சொன்னால் கஷ்டத்தின் அளவு. வாங்கி வந்ததும் அது 50 சதவிகிதத்தில், நட்டநடுவில் நிற்கும். கஷ்டத்துக்கு ஒரு அளவு வைத்து அதைப் பாதியில் நிறுத்தினால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? நண்பர் செய்ததைத்தான். 'பாதிக் கஷ்டம் எதுக்கு? காசு கொடுத்து வாங்கியிருக்கேன், முழுசா படறேன்' என்று கோடிக்கு இழுத்துவிட்டார்.

அந்த ஸ்லைடர் கஷ்டத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

அது செய்வது இதைத்தான். திரையில் 10 சதவிகித ஏற்றம் வந்தால், 50-ல் இருக்கும் ட்ரெய்னர் உங்கள் காலுக்கு அதை 5 சதவிகித ஏற்றம் மாதிரி காட்டும். 'அப்ப ஏமாத்துதானே' என்பீர்கள். இல்லை. திரையில் உங்கள் பொம்மை எவ்வளவு வேகமாக மலை ஏறும் என்பதை முடிவு செய்வது நீங்கள் மிதிக்கும் வாட்ஸ், உங்கள் உடல் அளவு, மலையின் முழு ஏற்றம். அந்தக் கணக்கில் ஸ்லைடருக்கு இடமே கிடையாது. உச்சிக்குப் போக எத்தனை வாட்ஸ் தேவையோ அத்தனையும் நீங்கள் கொடுத்தே ஆகவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்விஃப்ட்டில் பிரான்ஸின் ஆல்ப் துவெஸ் மலைப்பாதையை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். 21 கொண்டை ஊசி வளைவுகள், 12 கிலோமீட்டர் சொச்சம், சராசரி எட்டரை சதவிகித ஏற்றம். 70 கிலோ ஆசாமி, 10 கிலோ சைக்கிள், 150 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டால் உச்சிக்குப் போக ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஸ்லைடர் எங்கே இருந்தாலும் அதே நேரம்தான்.

வித்தியாசம் காலில். சாதாரண ரோடு சைக்கிளின் கடைசி கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) நூறு சதவிகிதத்தில் வைத்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 50 சுற்றுதான் சுற்ற முடியும். ஒவ்வொரு சுற்றும் கல்லுரல் ஆட்டுவது மாதிரி. ஐம்பதில் வைத்தால் அதே கியரில் 90 சுற்று வரும். ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாளியில் 50 தடவை இறைக்கலாம், சின்ன வாளியில் 90 தடவை இறைக்கலாம். தொட்டி ஒன்றே, நிரம்பும் நேரமும் ஒன்றே. பெரிய வாளி தோளைப் பதம் பார்க்கும், சின்ன வாளி மூச்சு வாங்க வைக்கும். எதை எடுப்பது என்பது உங்கள் தோளையும் மூச்சையும் பொறுத்தது. சின்ன வாளி எடுத்தவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை.

ஆகவே அந்த வார்த்தை தப்பு. 'கியர் அளவு' என்றோ 'சரிவு உணர்வு' என்றோ பெயர் வைத்திருந்தால் யாருக்கும் ரோஷம் வந்திருக்காது. கஷ்டம் என்று பெயர் வைத்ததால் அது வீரத்தின் அளவுகோலாகிவிட்டது. முட்டி வலித்தாலும் கீழே இறக்க மனசு வராது. இறக்குவதைவிட மொத்தமாக நிறுத்திவிடுவது கௌரவமாகத் தோன்றுகிறது. நடைப்பயிற்சியில், யோகாவில், டயட்டில் இதே காரணத்துக்காக எத்தனை பேர் பாதியில் விட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பட்ட கஷ்டத்துக்குத்தான் பலன் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி, செய்த வேலையை எண்ணாமல் பட்ட வலியை எண்ணுகிறோம்.

நூறு என்பது வீண் என்று சொல்ல வரவில்லை. அடுத்த மாதம் கொல்லிமலையின் 70 வளைவுகளை நிஜ சைக்கிளில் ஏறப் போகிறீர்கள் என்றால், இப்போதே அவ்வப்போது நூறில் வைத்துப் பழகுவது புத்திசாலித்தனம். உங்கள் கியர் போதுமா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். நிஜ மலையில் ஸ்லைடர் கிடையாது. அதேபோல் ரொம்பக் குறைத்துவிட்டாலும் ஒரு நஷ்டம் உண்டு. திரையில் மேடு ஆரம்பித்தது காலுக்குத் தெரியாது. கவனித்து வாட்ஸைக் கூட்டாவிட்டால் கூட வந்த கும்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

இதே பெட்டியில் 'எர்க்' என்று இன்னொரு முறை உண்டு. அதில் மலை, பள்ளம் எதுவும் கிடையாது. 150 வாட்ஸ் என்று சொன்னால் 150 வாட்ஸை வாங்கிக்கொண்டே இருக்கும். கியர் மாற்றிப் பயனில்லை. பயிற்சிக்கு அருமையானது, ஆனால் சுபாவம் கந்துவட்டிக்காரர் சுபாவம். நீங்கள் களைத்துப்போய் மெதுவாக மிதித்தால், குறைந்த சுற்றில் அதே வாட்ஸை வசூலிக்க மிதியை இறுக்கும். 90 சுற்று 60 ஆனால் பலம் ஒன்றரை மடங்கு. 45 ஆனால் இரண்டு மடங்கு. இன்னும் மெதுவாகும், இன்னும் இறுக்கும். 'மரணச் சுழல்' என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் மல்லுக்கட்டாதீர்கள். மிதிப்பதை நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, வேகமாகச் சுழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். அப்போதும் முடியவில்லையென்றால் இலக்கைப் பத்து வாட்ஸ் குறையுங்கள். குறைத்து ஓட்டிய அரை மணி, நிறுத்திய அரை மணியைவிட எந்தக் கணக்கிலும் உசத்தி.

சரி, எத்தனையில்தான் வைப்பது? என் சிபாரிசு இது. பேசாமல் 50-ல் விட்டுவிடுங்கள். திரையில் செங்குத்தான மேடு வரும்போது நிமிஷத்துக்கு 70 சுற்றுக்குக் கீழே போய் மூச்சுக்கு முன்னால் முட்டி புகார் செய்தால், இன்னும் கொஞ்சம் குறையுங்கள். கால் காற்றில் சுழலுகிற மாதிரி இருந்தால் கூட்டுங்கள். ஸ்லைடரை விட்டுவிட்டு வாட்ஸையும் நெஞ்சுத் துடிப்பையும் பாருங்கள். ஒரு ஃபேன் கட்டாயம். வீட்டுக்குள் எதிர்க்காற்று கிடையாது. சென்னை வெக்கையில் அதே வாட்ஸுக்கு இதயம் அதிகமாகவே அடித்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

வாட்ஸ்தான் கணக்கு என்பதற்கு ஒரு உதாரணம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2020-ல் இந்தத் திரை சைக்கிளுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் நடத்தியது. ஆண்கள் பிரிவில் ஜெயித்த ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் துடுப்புப் படகு வீரர். அடுத்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் படகுப் போட்டியில் வெள்ளி வாங்கினார். உடம்பில் எஞ்சின் இருந்தால் போதும் என்று ஆகிறது.

இதையெல்லாம் வாளி சகிதம் நண்பருக்குச் சொன்னேன். அரை மனசாகக் கேட்டுக்கொண்டார்.

'இருந்தாலும் மனசு ஒப்பலையே. அம்பதுல வச்சா என்னையே நான் ஏமாத்திக்கற மாதிரி இருக்கு.'

'இதுல ஏமாத்தணும்னா வேற வழி இருக்கு சார்' என்றேன். 'எடையைக் குறைச்சுப் போட்டா போதும். அதே வாட்ஸுக்குப் பொம்மை மலையில பறக்கும். அதான் நிஜமான மோசடி. நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்க?'

நண்பர் காபி டம்ளரைப் பார்த்தார்.

'எழுபத்திரண்டு' என்றான் மகன். 'நிஜத்துல எண்பத்தொண்ணு அங்கிள்.'

'கல்யாணத்தப்ப எழுபத்திரண்டுதான்டா' என்றார் நண்பர்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். எடையை எண்பத்தொன்று என்று திருத்திவிட்டாராம். ஸ்லைடர் ஐம்பதில். தினம் 40 நிமிஷம், முட்டி பேசாமல் இருக்கிறதாம். பொம்மை மட்டும் முன்பைவிட மெதுவாகப் போகிறதாம்.

'துணியெல்லாம்?' என்றேன்.

'மொட்டை மாடியில' என்றார்.