கருக்கலைப்பு உரிமை: பன்னாட்டு ஆவணங்களும் ஃபிக்ஹின் சொல்லும்

2020 அக்டோபர் 22 அன்று 32 நாடுகள் கையொப்பமிட்ட 'ஜெனீவா ஒருமித்த பிரகடனம்' சில பக்கங்களே கொண்ட சிற்றாவணம். அதனை முன்னின்று கொணர்ந்த ஆறு நாடுகளுள் எகிப்தும் இந்தோனேசியாவும் அடங்கும். சவூதி அரேபியா, பாகிஸ்தான், செனகல் முதலியனவும் ஒப்பமிட்டன. அமெரிக்கா 2021இல் விலகி 2025இல் மீண்டது. பிரேசில் 2023இல் விலகியது. கருக்கலைப்புக்குப் பன்னாட்டு உரிமை எதுவும் இல்லை என்பதே அதன் மையக் கூற்று. முஸ்லிம் நாடுகள் இதில் ஒப்பமிட்டதை ஷரீஅத்துக்குக் கிடைத்த வெற்றியாக நம்மவர் பலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுமுன் அவ்வாவணத்தை ஒரு நூலை வாசிப்பது போல வாசித்துப் பார்த்தல் வேண்டும்.

பிரகடனம் தனக்கு ஆதாரமாகக் கொள்வது 1994இல் கெய்ரோவில் நடைபெற்ற மக்கள்தொகை, வளர்ச்சி மாநாட்டின் செயல்திட்டத்தை. அதன் 8.25ஆம் பத்தி நீண்ட பேச்சுவார்த்தையின் பின் எழுதப்பட்டது. கருக்கலைப்பைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக ஊக்குவிக்கலாகாது, சட்ட மாற்றங்களை அந்தந்த நாடே முடிவு செய்யும் என்று கூறும் அப்பத்தி, சட்டம் தடுக்காத இடங்களில் கருக்கலைப்பு பாதுகாப்பானதாக அமைய வேண்டும் என்றும், அதன் பின்விளைவுகளால் துன்புறும் பெண்ணுக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பிரகடனம் முற்பகுதியை எடுத்துக்கொண்டு பிற்பகுதியை விட்டுவிட்டது. தொழுகை பற்றிய இறைவசனத்தின் முற்பாதியை மட்டும் ஓதி நிறுத்திக்கொண்டவனின் கதையை மதரஸாவில் முதலாண்டு மாணவனும் அறிவான். அதே பிழையை அரசுகள் செய்தால் அதற்கு 'ஒருமித்த கருத்து' என்று பெயர் வந்துவிடுகிறது.

மையக் கூற்றேனும் சரியா? உலகளாவிய உடன்படிக்கை எதிலும் கருக்கலைப்பு உரிமை என்ற சொல் இல்லை என்பது உண்மை. ஆனால் கரு உண்டான கணம் முதல் உயிருரிமை உண்டு என்ற சொல்லும் அவற்றில் இல்லை. குடிசார், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு ஐ.நா.வின் மூன்றாம் குழுவில் 1957இல் விவாதிக்கப்பட்டபோது, அச்சொற்களைச் சேர்க்குமாறு பெல்ஜியம், பிரேசில், எல்சல்வடோர், மெக்சிகோ, மொராக்கோ ஆகிய ஐந்து நாடுகள் கோரின. கோரிக்கை தோற்றது. மாலிகி மத்ஹபைச் சார்ந்த மொராக்கோ அவ்வைவரில் ஒன்றாக இருந்தது தற்செயலன்று என்றே கருதுகிறேன். அதே பிரிவு, கர்ப்பிணிக்கு மரண தண்டனை நிறைவேற்றலாகாது எனவும் விதிக்கிறது. காமிதிய்யாப் பெண்மணியைப் பிரசவம் வரை நபிகளார் (ஸல்) திருப்பி அனுப்பிய செய்தியை ஸஹீஹ் முஸ்லிமில் ஓதியவர்க்கு அது புதிய விதியன்று.

ஆக, மூல நூல் மௌனம் சாதிக்கிறது. உரையாசிரியர்கள் அம்மௌனத்தைத் தத்தமக்கு வேண்டியவாறு பேசவைக்கின்றனர். 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் குழந்தை என வரையறுத்து, தொடக்கம் எது எனக் கூறாது விட்டது. கருவுற்ற கணம் முதல் என அர்ஜெண்டினாவும், உயிருடன் பிறந்த பின்னரே எனப் பிரிட்டனும் தத்தம் விளக்கங்களைப் பதிவு செய்தன. மறுபுறம், மனித உரிமைக் குழு 2018இல் வெளியிட்ட 36ஆம் பொது விளக்கவுரை, பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்துள்ளபோதும், வன்புணர்வால் உண்டான கருவிலும், பிழைக்க வாய்ப்பற்ற கருவிலும் அரசுகள் பாதுகாப்பான கருக்கலைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்றது. அது மதிப்பு மிக்க விளக்கவுரைதான்; எனினும் மத்னும் ஷரஹும் ஒன்றாகிவிடா.

நமது ஃபிக்ஹு நூல்களோ இவ்விடத்தில் மௌனம் சாதிக்கவில்லை. 'உரிமை உண்டு', 'இல்லை' என்ற இரண்டே சொற்களுடன் அவை நின்றுவிடவும் இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் அஸ்லையும் கருச்சிதைவையும் பிரித்துக் காட்டுகிறார். கருப்பையில் தங்கிய துளியைச் சிதைப்பது குற்றம், அது சதையாக வளர்ந்தபின் மேலும் பெரிய குற்றம், ரூஹு ஊதப்பட்டபின் அதனினும் பெரிது என்று குற்றத்தின் கனத்தைப் படிப்படியாக ஏற்றுகிறார். மாலிகி அறிஞர் தர்தீர் (ரஹ்) நாற்பது நாளுக்கு முன்னும் அனுமதியில்லை என்பார். ஹனஃபிகளில் இப்னு ஆபிதீன் (ரஹ்) நூற்றிருபது நாளுக்கு முன் தக்க காரணம் இருப்பின் அனுமதி உண்டு என்ற கருத்தை எடுத்துரைக்கிறார். காரணத்துக்கு அந்நூல் தரும் உதாரணம் என்ன தெரியுமா? மடியில் பால் குடிக்கும் குழந்தை ஒன்று. புதிய கர்ப்பத்தால் தாயின் பால் வற்றிவிட்டது. செவிலித்தாய்க்குக் கூலி கொடுக்கத் தந்தையிடம் பொருளில்லை. ஏழை வீட்டின் அடுப்படியைப் பார்த்து எழுதப்பட்ட சட்டம் இது. பிறர் தாக்குதலால் கரு சிதைந்தால் குர்ரா என்னும் ஈட்டுத்தொகை, அதாவது முழு திய்யத்தில் இருபதில் ஒரு பங்கு, கடமையாகிறது. பெரும்பான்மையோர் கருத்தில் அது கருவின் வாரிசுகளுக்குச் சேர்கிறது. கருவுக்கு மதிப்பு உண்டு, ஆயினும் பிறந்த மனிதனின் முழு மதிப்பன்று என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லும் சட்டப் பிரிவை நான் பன்னாட்டு ஆவணங்களில் கண்டதில்லை.

ராபிதாவின் மக்கா ஃபிக்ஹு மன்றம் 1990இல் இதே மொழியில்தான் பேசியது. கரு மிகக் கடுமையாக ஊனமுற்றதென்றும் அதற்குச் சிகிச்சை இல்லையென்றும் நம்பகமான மருத்துவக் குழு உறுதி செய்தால் 120 நாளுக்கு முன் பெற்றோர் வேண்டுகோளின் பேரில் அகற்றலாம். அதன் பின் தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றிக் கூடாது. பொஸ்னியப் போரில் மானபங்கப்படுத்தப்பட்ட பெண்களுக்காக யூசுஃப் அல்கர்ளாவி அளித்த ஃபத்வா, அடிப்படை விதி தடையே என ஏற்றுக்கொண்டு, அப்பெண்களின் நிலையைத் தக்க காரணமாகக் கொண்டது. கருவைச் சுமக்க விரும்பியவளை வற்புறுத்தலாகாது, பிறக்கும் குழந்தையைப் பேணுவது சமுதாயத்தின் பொறுப்பு என்றும் அது கூறிற்று.

இவற்றில் ஒரு வரியேனும் ஒப்பமிட்ட முஸ்லிம் அரசுகளின் பிரகடனத்தில் இடம்பெறவில்லை. ஆனால் விந்தை பாருங்கள்: அமெரிக்கக் கண்டத்தின் 1969ஆம் ஆண்டு மனித உரிமை ஒப்பந்தம் 'பொதுவாக, கருவுற்ற கணம் முதல்' உயிரைக் காக்கிறது. அந்தப் 'பொதுவாக' என்ற ஒரு சொல்லுக்கு 2012இல் கோஸ்டாரிகா வழக்கில் பொருள் கண்ட அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், கருவின் பாதுகாப்பு அதன் வளர்ச்சிக்கேற்பப் படிப்படியாகக் கூடுவது எனத் தீர்ப்பளித்தது. கத்தோலிக்கப் பெரும்பான்மை நாடொன்றின் வழக்கில், கஸ்ஸாலி அறிந்திருந்த படிநிலை அவர் பெயரின்றியே வந்து சேர்ந்தது. அதனை எடுத்துரைத்திருக்க வேண்டிய கெய்ரோவும் ஜகார்த்தாவும் எட்டாண்டுகள் கழித்துப் பிறரது வாசகத்தின் கீழ் ஒப்பமிட்டன.

உரிமை என வாதிடுவோரின் மொழியிலும் குறை உண்டு. பெண்ணின் தன்னுரிமையை மட்டும் அளவுகோலாக்கினால் கரு ஒரு சொல்லுக்கும் தகுதியற்றதாகிவிடுகிறது. ஐந்தாம் வாரத்துக்கும் முப்பதாம் வாரத்துக்கும் வேறுபாடு கூற அம்மொழி தடுமாறுகிறது. நம் பக்கத்திலோ, கேட்டு வருபவளுக்கு 'ஹராம்' என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தனுப்புவது பேணுதல் எனக் கருதப்படுகிறது. எத்தனை நாள், என்ன காரணம் என்று கேளாமல் விடை சொல்பவர் தாம் ஓதிய கிதாபையே மறந்தவராவார்.

மாலிகி நாடான செனகலை எடுத்துக்கொள்வோம். வன்புணர்வுக்கு உள்ளானவளுக்கு மருத்துவக் கருக்கலைப்பை அனுமதிக்குமாறு அரசுகளுக்கு வெளிப்படையாகக் கட்டளையிடும் உடன்படிக்கை 2003இல் மபுட்டோவில் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க நெறிமுறை. அதன் 14ஆம் பிரிவை விலக்குக் கோராமல் செனகல் ஏற்றுக்கொண்டது. அதன் தண்டனைச் சட்டமோ கருக்கலைப்பைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. தாயின் உயிரைக் காக்க மட்டும் மருத்துவ ஒழுக்க விதிகள் இடம் தருகின்றன. 2020இல் அதே அரசு, அப்படியொரு பன்னாட்டு உரிமையே இல்லை என்றும் ஒப்பமிட்டது. டக்கார் நகரில் வன்புணர்வால் கருவுற்ற ஒரு சிறுமி காழியிடமோ மருத்துவரிடமோ சென்று நின்றால், இம்மூன்று காகிதங்களில் எதனை அவர்கள் திறப்பது என்பதற்குப் பிரகடனத்தில் விடை இல்லை.